கொம்பின் சுழி

கொள்ளிடத்தின் வடபால், அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிக்கு அடைக்கல மாதாவைக் காணச் செல்வோர் பலர். அவ்வூரைத் திருக்காவலூர் எனப் பாடிய வீரமாமுனிவர் தமிழ் எழுத்தில் செய்த ஒரு சிறு மாற்றத்தை அங்கே நின்று எண்ணுவோர் சிலரே.

ஓலையும் எழுத்தாணியும் அந்நாளைய அன்றாடக் கருவிகள். புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும். ஆதலால் ஏடெழுதுவோர் புள்ளியைத் தவிர்த்தனர். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி இடவேண்டும் என்பதோ பழைய இலக்கண விதி. புள்ளி மறையவே, குறில் நெடில் வேறுபாடும் மறைந்தது. கொடு, கோடு இரண்டிற்கும் வடிவம் ஒன்றே. பெய், பேய் என்பனவும் அவ்வாறே. மழை பெய்ததைச் சொன்னாரா, பேயைச் சொன்னாரா? இடம் நோக்கித் தெளிய வேண்டும். தெளியாத இடத்தில் ஆசிரியரைக் கேட்க வேண்டும். ஆசிரியர் வாய்க்காதவனுக்கு ஏடு கையிலிருந்தும் பாதிப் பயனே.

1680இல் இத்தாலியில் பிறந்த இவ்வியேசு சபைத் துறவி, நெடிலுக்குரிய கொம்பின் தலையைச் சுழித்துக் காட்டினார். சுழி என்பது கோடுதானே, ஓலைக்கு ஊறில்லை. பின்னர் அச்சு அதனை எங்கும் நிலைநிறுத்தியது.

1732இல் அவர் முடித்த சதுரகராதியும் இத்தகையதே. அதற்குமுன் சொற்பொருள் கற்போர் நிகண்டுச் செய்யுள்களை நெட்டுரு செய்தனர். அகரவரிசை வந்தபின், எழுத்தறிந்தவன் தானே தேடிக் கொள்ளலாம். ஆனால் ஒன்றை மறைப்பது முறையன்று. நிகண்டை நெஞ்சில் வைத்திருந்தவன் இருளிலும் பொருள் சொன்னான். அகராதிக்காரனுக்கு விளக்கு வேண்டும்! எழுத்து மறதியை வளர்க்கும் என்ற கவலையைப் பிளேட்டோவும் ‘பைட்ரஸ்’ உரையாடலில் சாக்ரட்டீசின் வாய்மொழியாக வைத்துள்ளார். என் கணக்கில் நாம் பெற்றதே மிகுதி. இழந்தது அற்பம் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

எனினும் சுழியும் அகரவரிசையும் சொல்லைத் தெரியும் உரிமையை நம்மிடமே விட்டன. இன்றைய அலைபேசியோ, நாம் எண்ணி முடிக்குமுன் அடுத்த சொல்லை நீட்டுகிறது. மகனை இழந்த ஒரு தாய்க்கு அண்மையில் அதில் ஆறுதல் எழுதினேன். அது நீட்டிய சொற்களையே தொட்டுத் தொட்டு இரண்டு நிமிடத்தில் முடித்து அனுப்பினேன். பிழை ஒன்றுமில்லை. இரவில் மீண்டும் படித்தபோது, அதில் அந்தப் பிள்ளையின் பெயர்கூட இல்லை என்பதைக் கண்டேன். மறுநாள் தாளெடுத்து எழுத உட்கார்ந்தேன். முதல் வரிக்கே அரைமணி நேரம் ஆயிற்று.