நாய் துரத்திய மனிதரின் பெயர்

எங்கள் இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழிக் கழகக் கூட்டம் மதியம் இரண்டு மணிக்கு நடக்கும். பசியும் தூக்கமுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எழுப்பிவிட என் கைவசம் சில கதைகள் உண்டு. வரலாற்று ஆசிரியனாக இருப்பதில் இருக்கும் ஒரே வசதி அது. அந்தக் கதைகளில் ஒருமுறைகூட என்னைக் கைவிடாத கதை, 1904ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் நடந்த மாரத்தான்.

அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரம். ஆகஸ்ட் 30, கோடையின் கடைசி நாள்கள். மதியம் மூன்று மணிக்கு, சுமார் 32 டிகிரி வெயிலில் 32 பேர் ஓடத் தொடங்குகிறார்கள். 40 கிலோமீட்டர், ஏழு குன்றுகள், மண் சாலை. பிரெட் லோர்ஸ் என்பவருக்குப் பதினான்கு கிலோமீட்டரிலேயே தசை பிடித்துக்கொள்கிறது. ஒரு மோட்டார் காரில் ஏறி, ஓடுகிறவர்களுக்குக் கையசைத்துக்கொண்டே போகிறார். கார் வழியில் பழுதாகி நின்றுவிடுகிறது. இறங்கி, மிச்சத் தூரத்தை ஓடி, முதல் ஆளாக அரங்குக்குள் நுழைகிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அதிபர் ரூஸ்வெல்டின் மகள் அலிஸ் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்ளும் அளவுக்கு விஷயம் போய்விடுகிறது. பிறகுதான் யாரோ காரைப் பற்றிச் சொல்கிறார்கள். "சும்மா வேடிக்கைக்குச் செய்தேன்" என்கிறார் லோர்ஸ்.

அடுத்து பெலிக்ஸ் கார்வஹால். கியூபாவின் தபால்காரர். பயணத்துக்கென்று திரட்டிய பணத்தை நியூ ஓர்லியன்ஸில் சூதாடித் தொலைத்துவிட்டு, நடந்தும் கிடைத்த வண்டியில் தொற்றியும் வந்து சேர்ந்தவர். கால்சட்டையை முழங்காலளவுக்கு வெட்டிக்கொண்டு ஓடினார். வழியில் பசிக்கு ஆப்பிள் பறித்துத் தின்றார். ஆப்பிள் கெட்டுப்போனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்து எழுந்தார். அப்படியும் நான்காவதாக வந்தார்.

இந்த இடத்தில் வகுப்பு சிரித்துக்கொண்டிருக்கும். நான் கடைசி வெடியைப் போடுவேன். "ஆப்பிரிக்காவுல இருந்து வந்த ஒருத்தர நாய் தொரத்திருச்சு. பாதைய விட்டு ஒரு மைல் தள்ளி ஓடிட்டாரு. அப்படியும் திரும்பி வந்து ஒன்பதாவது!"

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மதியம் எல்லாரும் சிரித்து ஓய்ந்தபின், பின்வரிசையில் இருந்த நான்காம் படிவ மாணவி கை தூக்கினாள்.

"நாய் தொரத்துனவரு பேரு என்னா சார்?"

எனக்குத் தெரியவில்லை. காரில் போனவர் பெயர் தெரியும். ஆப்பிள் தின்றவர் பெயர் தெரியும். இவர் என் வாயில் எப்போதும் 'ஆப்பிரிக்காவுல இருந்து வந்த ஒருத்தர்'தான். "பாத்துட்டு சொல்றேம்மா" என்றேன். அந்தப் பதிலைத் தேடிப் போனதில் கதையின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிட்டது.

*

முதலில் கழன்றது தண்ணீர் விஷயம்.

அந்தப் பாதையில் ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கிடைக்கும் என்று சொல்லக்கூடியது பாதித் தூரத்தை நெருங்கும்போது வரும் ஒரு கிணறு. நான் அதை ஏற்பாட்டுக் குளறுபடி என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் போட்டிகளைப் பொறுப்பேற்று நடத்திய ஜேம்ஸ் சல்லிவன், நீர் இல்லாமல் மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க விரும்பியவர். ஓட்டக்காரர்களின் தாகம் அவருக்கு ஓர் ஆய்வு. போதாததற்கு, நடுவர்களும் மருத்துவர்களும் பத்திரிகைக்காரர்களும் ஏறிய கார்கள் ஓடுகிறவர்களுக்கு முன்னும் பின்னும் போய்ப் புழுதியைக் கிளப்பின. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த வில்லியம் கார்சியா சாலையோரம் சுருண்டு கிடந்தார். விழுங்கிய புழுதி உள்ளே போய் வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார்.

வென்றவர் தாமஸ் ஹிக்ஸ். மாசசூசெட்ஸில் பித்தளைத் தொழிலாளி. கடைசி பத்து மைல் அவர் தண்ணீர் கேட்டுக் கெஞ்சினார். கூடவே வந்த பயிற்சியாளர்கள் வாயை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டார்களே தவிர குடிக்கக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக முட்டையின் வெள்ளைக்கருவில் ஸ்டிரிக்னின் கலந்து கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை, பிராந்தியோடு. ஸ்டிரிக்னின் என்றால் வேறொன்றும் இல்லை, எட்டிக்கொட்டையில் இருக்கும் அதே நஞ்சு. அளவு சிறியதாக இருந்தால் நரம்பை உசுப்பும், கூடினால் ஆளைக் கொல்லும். ஹிக்ஸ் முகம் சாம்பலாகி, இன்னும் இருபது மைல் பாக்கி என்று பிதற்றிக்கொண்டே ஓடினார். எல்லைக்கோட்டுக்கு அவரைத் தாங்கிக்கொண்டுதான் போனார்கள். 3 மணி 28 நிமிடம் 53 விநாடி. ஒலிம்பிக் மாரத்தான் வெற்றிகளிலேயே மிக மெதுவான நேரம். அவருடன் வந்தவர்களில் ஒருவரான சார்லஸ் லூகாஸ் அடுத்த ஆண்டே ஒரு புத்தகம் எழுதி, மருந்துகள் ஓட்டக்காரருக்கு மிகவும் பயன்படுகின்றன என்பதற்கு இந்த ஓட்டத்தையே சான்றாகக் காட்டினார்.

ஓடத் தொடங்கிய 32 பேரில் முடித்தவர்கள் 14 பேர்.

இதைப் படித்தபோது எனக்கு என் பன்னிரண்டாம் வயது ஞாபகம் வந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் குறுக்கோட்டம். ரப்பர் காட்டுக்குள் நுழைந்து, கம்பத்துச் சாலையில் ஏறி, ஆற்றோரமாகத் திரும்பி வரவேண்டும். ஓடும் முன்பு வாத்தியார் எங்களை வரிசையில் நிறுத்தி ஒன்றுதான் சொன்னார்: "ஓடும்போது எவனும் தண்ணி குடிக்கக் கூடாது. வயிறு புடிச்சிக்கும்." வழியில் ஸ்டோர் பக்கம் குழாய் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய மாணவன் காவலுக்கு நின்றான். ஆற்றோரம் வரைக்கும்தான் எனக்கு நினைவு இருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது அம்மாவின் மடி, முகத்தில் அடித்த தண்ணீர், சுற்றி நின்றவர்களின் கைலிகள். பால்மரம் சீவப் போயிருந்த அம்மா வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

வாத்தியார் கெட்டவர் அல்ல. அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதை எங்களுக்குச் சொன்னார். ஓடுகிறவன் தண்ணீர் குடிப்பது பலவீனம் என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்தது. ஆனால் நம்புவதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. சல்லிவன் சோதித்தார். அவர் சோதித்தது இந்த ஓட்டத்தில் மட்டும் அல்ல.

*

1904 ஒலிம்பிக் தனி விழாவாக நடக்கவில்லை. சிகாகோவுக்குக் கிடைத்த வாய்ப்பு, செயிண்ட் லூயிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக இங்கே மாற்றப்பட்டது. அந்தக் கண்காட்சியில் இயந்திரங்களோடு மனிதர்களும் காட்சிக்கு வைக்கப்பட்டார்கள். அமெரிக்கா புதிதாகப் பிடித்திருந்த பிலிப்பீன்ஸிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து, 47 ஏக்கரில் கிராமங்கள் அமைத்துக் குடிவைத்திருந்தார்கள். இகோரோட் மக்கள் நாய்க்கறி தின்பதைப் பார்க்கக் கூட்டம் நெரிந்தது. நமக்குப் பக்கத்து வீட்டு மனிதர்கள் அவர்கள். காங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓட்டா பெங்காவும் அங்கே இருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் அவரைக் குரங்குகளின் கூண்டில் வைத்தார்கள்.

ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் 'மானுடவியல் நாள்கள்' என்ற பெயரில் இந்தக் காட்சி மனிதர்களுக்கு விளையாட்டுப் போட்டி நடந்தது. கண்காட்சியின் மானுடவியல் பிரிவுத் தலைவர் மெக்கீயும் சல்லிவனும் சேர்ந்து நடத்தியது. பயிற்சி கிடையாது. விதிகளைப் புரியும் மொழியில் சொல்லவும் ஆள் கிடையாது. எல்லையில் கட்டிய நாடாவை நெஞ்சால் அறுக்கவேண்டும் என்று தெரியாமல் சிலர் அதற்கு முன்னாலேயே நின்றார்கள். சிலர் குனிந்து அடியில் புகுந்து போனார்கள். சேற்றை வாரி வீசும் சண்டையும் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. கிடைத்த முடிவுகளை வைத்துக்கொண்டு சல்லிவன் எழுதினார்: பழங்குடிகள் பிறவியிலேயே திறமையான ஓட்டக்காரர்கள் என்பது வெறும் கட்டுக்கதை.

இரண்டரை வாரம் கழித்து, அதே கண்காட்சியில் வேலை பார்த்த இரண்டு ஆப்பிரிக்கர்கள் மாரத்தானில் ஓடினார்கள்.

கண்காட்சியில் 'போயர் போர்' என்றொரு நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை ஆங்கிலேயர்களும் போயர்களும் மோதிய போரை, அதில் உண்மையாகவே சண்டையிட்டவர்களை வைத்து நடித்துக் காட்டினார்கள். பார்டபெர்க்கில் சரணடைந்த தளபதி குரோன்யே, காசுக்காகத் தினமும் அங்கே மறுபடி சரணடைந்தார். அந்த நிகழ்ச்சியோடு வந்திருந்த துஸ்வானா இனத்தவர்கள்தான் இந்த இருவரும். போரில் செய்தி கொண்டு ஓடியவர்கள் என்று சொல்லப்படுகிறது. நாய் துரத்தியவர் ஒன்பதாவது. மற்றவர் பன்னிரண்டாவது. பாஸ்டன் மாரத்தானில் பெயர் வாங்கிய அமெரிக்கர்கள் பாதியில் விழுந்த அன்றைக்கு, தண்ணீர் இல்லாத அந்தப் பாதையை இவர்கள் முழுதாக முடித்தார்கள். ஒலிம்பிக்கில் ஓடிய முதல் கறுப்பு ஆப்பிரிக்கர்கள் இவர்கள்தான். சல்லிவனின் முடிவைப் பொய்யாக்க அவர் நடத்திய ஓட்டமே போதும். ஆனால் எண்ணிப் பார்க்கிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும்.

முடிவுப் பட்டியலில் அவர்களுக்கு எழுதியிருந்த பெயர்கள்: லெண்டாவ், யாமசானி.

காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள். பல பத்தாண்டுகள் அப்படியேதான் அச்சாகி வந்தது. பிறகு ஆய்வாளர்கள் சரியான பெயர்களை மீட்டார்கள்: லென் டௌன்யானே, ஜான் மஷியானி. துஸ்வானா மொழியில் 'டௌ' என்றால் சிங்கம்.

என் வீட்டு அலமாரியில் தாத்தாவின் பழைய அடையாள அட்டை இருக்கிறது. அதில் இருப்பது அவர் பெயர் அல்ல. தோட்டத்து ஆபிசில் கிராணி கேட்டார், தாத்தா சொன்னார், கிராணி தன் காதுக்கு எட்டியதை எழுதிக்கொண்டார். நடு எழுத்து ஒன்று போய்விட்டது. அந்தக் குறைப் பெயர்தான் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் ஏறியது, என்னுடையதிலும் ஏறியது. ஒவ்வொரு முறை பாரம் நிரப்பும்போதும் அந்த விடுபட்ட எழுத்தைத் தாண்டித்தான் போகிறேன். தாத்தாவிடம் ஒருமுறை கேட்டேன், "ஏன் தாத்தா திருத்தச் சொல்லல?" அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பேர்ல என்னாடா இருக்கு, பேர் கூப்டா கைய தூக்குனா சரி. அன்னாடு பேராவது போட்டான்ல" என்றார்.

அன்றன்றைய கூலிக்குப் பெயர் பதிந்தால் போதும் என்று இருந்தவர்களிடம் எழுத்துப்பிழையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது! ஆனால் நூறு வருடம் கழித்து அந்தக் கதையைச் சிரிப்புக்காகச் சொல்கிற எனக்கு அந்தச் சாக்கு இல்லை. கிராணிக்காவது தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் அடங்கவில்லை. நான் பெயரே சொல்லவில்லை.

*

தென்னாப்பிரிக்கா பிறகு ஒலிம்பிக்குக்குத் தன் வெள்ளையர்களை மட்டுமே அனுப்பியது. இன ஒதுக்கலுக்காக 1964இல் டோக்கியோவில் அந்த நாடு தடுக்கப்பட்டது. திரும்பி வர 1992 ஆனது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1996 ஆகஸ்ட் 4, மறுபடியும் அமெரிக்க மண், மறுபடியும் கோடை. அட்லாண்டாவில் வெயிலுக்குப் பயந்து விடிகாலையிலேயே மாரத்தானைத் தொடங்கினார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜோசையா துக்வானே என்ற குள்ளமான மனிதர் 2 மணி 12 நிமிடம் 36 விநாடியில் முதலாவதாக வந்தார். அடுத்து வந்த கொரியர் லீ போங் ஜூவுக்கும் அவருக்கும் இடையே மூன்றே விநாடி. ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்புத் தென்னாப்பிரிக்கர் அவர். செயிண்ட் லூயிஸிலிருந்து எண்ணினால் 92 ஆண்டுகள். அவர் ஓடிய பாதையில் தண்ணீர் மேசைகள் இருந்தன. அவர் பெயரைச் சரியாக எழுதினார்கள்.

அடுத்த கழகக் கூட்டத்தில் அந்த மாணவியிடம் பதில் சொன்னேன். வெண்பலகையில் இரண்டு பெயர்களையும் எழுதினேன். கதையையும் முதலிலிருந்து திரும்பச் சொன்னேன், இந்த முறை தண்ணீரிலிருந்து. கார் வந்தபோது சிரித்தார்கள். நாய் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அது நல்லதா என்று எனக்கு இன்னமும் குழப்பம்தான். நாய் துரத்தி ஓடியதில் சிரிப்பு இருக்கத்தான் செய்கிறது. டௌன்யானேகூட அன்று இரவு நண்பரிடம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கலாம்.

இந்த ஆண்டு பள்ளிக் குறுக்கோட்டத்தில் எனக்கு எல்லைக்கோட்டில் பொறுப்பு. முதல் பத்துப் பேரின் எண்ணைக் குறித்தால் போதும் என்றார்கள். நான் தண்ணீர் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோட்டோடு உட்கார்ந்தேன். எல்லாரும் வந்து, கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்கியபோது முதலாம் படிவப் பையன் ஒருவன் விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான்.

"தண்ணி குடி. பேரு என்னா?"

"நான்தான் சார் கடைசி. எதுக்கு எழுதுறீங்க?"

"பேரச் சொல்லு. எழுத்துக் கூட்டிச் சொல்லு."

சொன்னான். எழுதி அவனிடம் காட்டினேன். ஓர் எழுத்து தப்பு என்றான். திருத்தினேன்.