தப்பு காய்ச்சும் நேரம்

போன மாசி மாசம் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றுக்குத் திருவிழா பார்க்கப் போனேன். சாமி கும்பிடப் போனேன் என்று சொன்னால் பொய். கடைசி ராத்திரி மியூசிக் ஷோ, அதுக்காகத்தான். பாட்டுக் கச்சேரி என்றால் எவ்வளவு தூரமென்றாலும் பஸ் ஏறுகிற ஆள் நான்.

பேண்ட் மேடைக்கு வர லேட். அந்த இடைவெளியில் எட்டுப் பேர் தப்போடு வந்தார்கள், அதில் இரண்டு பேர் பொம்பளைப் பிள்ளைகள். மேடைக்குக் கீழே பழைய பேப்பரைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார்கள். பனி இறங்குகிற ஊரில் தோல் சீக்கிரம் தொய்ந்துபோகும், சூடு காட்டினால்தான் சத்தம் எழும்பும். அதுவரை எல்லாரும் ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் அடி விழுந்ததும் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பிறகு பேண்ட் வந்தது, இளையராஜா வந்தார், ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் வந்தது, ஆடினோம். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தபோது காதில் இருந்தது தப்புதான்.

அடுத்த நாள் அப்பாயிக்கு வீடியோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஃபோனைத் திருப்பித் தந்தார். "அந்தச் சத்தத்துல பயந்து எந்திரிச்சு ஓடுனவ நானு. அதுக்கு நீ கைதட்டிட்டு வந்திருக்க" என்றார். பிறகுதான் சொன்னார்: அவர் பிறந்த தோட்டத்தில் விடியக்காலையில் தப்படித்து லயத்தை எழுப்பியது அவருடைய அப்பாதானாம்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு பேச்சிலிருந்து வந்தது.

1824இல் கம்பளைக்குப் பக்கத்துச் சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியாக நடை. காய்ச்சலும் கொலராவும் வழியிலேயே எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இலேயே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, லயம் மாறவில்லை.

வந்தவர்களோடு தப்பும் வந்தது. ஊரில் அது சாமிக்கும் சாவுக்கும் அடிக்கிற தோல். தோட்டத்தில் அதுக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார்கள். லயத்தில் யாரிடமும் மணிக்கூடு கிடையாது. கொழுந்து மலைக்கு ஆள் நேரத்துக்குப் போகணும். அதனால் இருட்டோடு தப்பு அடித்தார்கள், சில தோட்டங்களில் கொம்பு ஊதினார்கள். சத்தம் கேட்டதும் எழும்பி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பெரட்டுக் களத்துக்கு ஓடணும். 'பரேட்' என்ற இங்கிலீஷ் சொல்தான் நம் வாயில் 'பெரட்டு' ஆனது என்பார்கள். பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லை என்றால் சம்பளம் இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற நெடுங்கவிதையை அந்த விடியக்காலைப் பறைச் சத்தத்தோடுதான் தொடங்குகிறார். அதை வாசித்தபோது அழகான தொடக்கம் என்று மட்டும்தான் நினைத்தேன். அப்பாயி சொன்ன பிறகுதான் அந்தச் சத்தம் என்ன செய்தது என்று புரிந்தது.

ஆனால் துரைமார் தப்பை வேலைக்கு வைத்துக்கொண்டாலும் பாட்டை அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை. கொழுந்து எடுக்கும்போது, பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டும்போது, இழவு வீட்டில், பெண்கள் பாடினார்கள். கடல் தாண்டி வந்து சொந்தத்தை இழந்தது, கங்காணி ஏசியது, நாள் முழுக்க வேலை செய்தும் அரைப்பேர் போட்டது எல்லாம் பாட்டுக்குள் வந்தன. களத்தில் கங்காணி முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைத் தேயிலை நிரைக்குள் இன்னொருத்திக்குக் கேட்கிற மாதிரிப் பாடலாம்.

இவற்றைத் தேடித் திரட்டியவரும் சி.வி.தான். பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். அடுத்த வருசமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில், அவரை அனுப்பிய மக்களில் பெரும்பாலானோருக்கு வாக்கே இல்லை. அவர் சேர்த்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' புத்தகமாக வந்தது 1987இல். அவர் இறந்து 3 வருசம் ஆகியிருந்தது.

பாட்டைத் தெரிந்தே ஆயுதமாக எடுத்த ஒருவரும் இருக்கிறார்: மீனாட்சியம்மை. அவருடைய கணவர் கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தளமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கியவர். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடுகிற காலம். படிக்கத் தெரிந்தவர்களும் கொஞ்சம். இந்த நிலையில் கூட்டங்களில் மீனாட்சியம்மை எழும்பிப் பாடினார். தானும் எழுதினார். 1940இல் இலங்கையில் இந்தியத் தமிழர் படும் பாட்டைப் பற்றி அவருடைய பாட்டுப் புத்தகம் வந்தது. ஜனங்களுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டுகளில் எழுதியதால், ஒரு தடவை கேட்டவர் லயத்துக்குப் போய் இன்னொரு ஆளுக்குப் பாடிக் காட்டலாம். துண்டுப் பிரசுரத்தைக் கேட்டில் பறிக்கலாம், பாட்டை எப்படிப் பறிப்பது?

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தார்கள். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம் ஆட்கள் வைத்த பேர் 'அழுகைக் கோச்சி'. அங்கிருந்து 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம். உயிரோடு இருக்கிற அண்ணனை அனுப்ப ஸ்டேசனுக்கு வந்த தங்கச்சி, செத்தவருக்குப் பாடுகிற ஒப்பாரியைப் பாடினாள். திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

தப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பேசாமல் பெருமை பேச முடியாது. மாசி வளர்பிறையில் கம்பம் நட்டு, பௌர்ணமியில் மன்மதன் எரிகிற காமன் கூத்துக்குத் தப்பு இல்லாமல் முடியாது. அந்த ராத்திரிகளில் தப்புக்காரர்தான் கூத்தை நடத்துகிற ஆள். விடிந்தால் அவர் திரும்பவும் 'அந்த' ஆள். துரைமார் வைத்த பெரட்டுக்கு முன்னாலேயே நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒழுங்கு இது: சாவென்றால் அவர் வந்து அடிக்கணும், கோயிலென்றால் வெளியே நிற்கணும். அப்பாயியின் அப்பா எல்லாருக்கும் முன்னால் எழும்பி, தோட்டத்துக்கு அடித்துவிட்டு, பிறகு தானும் மலைக்குப் போனாராம். மகன்மாரில் ஒருத்தருக்கும் பழக்கவில்லை. "என்னோட போகட்டும்" என்றாராம்.

அவர் சொன்னது பிழை என்று என்னால் சொல்ல முடியாது. மேடையில் அடித்த அந்தப் பொம்பளைப் பிள்ளைகள் செய்ததும் பிழை இல்லை. அவருக்குத் தப்பு தலையில் விழுந்த வேலை, அவர்களுக்கு அது தாங்களே எடுத்துக்கொண்டது. நடுவில் இவ்வளவும் நடந்திருக்கிறது என்று தெரியாமல் கைதட்டினால்தான் அப்பாயிக்குக் கோபம் வருகிறது.

பாட்டுச் சிபாரிசு கேட்கிறவர்களுக்கு என்னுடைய லிஸ்ட்:

1. காமன் கூத்தில் ரதி புலம்புகிற பகுதி. யூடியூபில் வேண்டாம், மாசியில் ஒரு ராத்திரி கண் முழித்து நேரில் கேளுங்கள். ரதியாக நிற்பது ஆம்பளை என்பது அஞ்சு நிமிசத்தில் மறந்துபோகும்.

2. சி.வி.யின் தொகுப்பிலுள்ள கோப்பிக் காலப் பாட்டுகள். 2023இல் மலையகம் 200க்காகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு 16 நாள் நடந்தார்களே, அதே பாதையை நினைத்துக்கொண்டு வாசியுங்கள்.

3. மீனாட்சியம்மையின் பாட்டுகள். கண்ணால் வாசித்தால் பாதிதான், வாய்விட்டுப் பாடணும்.

4. உங்கள் வீட்டில் இருக்கிற தாலாட்டு. இது எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

நாலாவதை நான் போன கிழமை தொடங்கினேன். அப்பாயி முதலில் பாட மறுத்தார். பிறகு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து இரண்டு விரலால் தட்டி, இது பெரட்டு அடி, இது சாவு அடி, இது சாமி அடி என்று வேறு வேறாகக் காட்டினார். எனக்கு முதல் இரண்டுக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை, திரும்பத் தட்டச் சொன்னேன். 40 செக்கன் ரெக்கோர்டிங் என் ஃபோனில் இருக்கிறது.

தட்டி முடித்துவிட்டு, தூக்கிப்போட்ட அந்த வீடியோவைத் தானாகவே திரும்பக் கேட்டார். "அந்தப் பொம்பளப் புள்ளைங்க குச்சிய எப்படிப் புடிச்சிருக்குதுங்க, பார்ப்போம்" என்றார்.