மாட்டுக்கறி, கானா, பறை: ஒரு மார்கழிப் பட்டியல்

மார்கழி வந்தால் சென்னையில் பட்டியல்கள் சுற்றத் தொடங்கிவிடும். எந்த சபாவில் யார் கச்சேரி, எந்த கேன்டீனில் என்ன டிபன் என்று பத்திரிகைகள் தேதிவாரியாகப் போடும். போன மார்கழியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எங்களுக்கென்று ஒன்று எழுதினோம். புளியந்தோப்பில் பீஃப் பிரியாணி, பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ, விடிய விடிய ஒரு கானா, மார்கழியில் மக்களிசை, ஒரு சபா கச்சேரியும் அதன் கேன்டீன் சாப்பாடும், கடைசியாக ஒரு பறைப் பயிற்சி. மனு, கள ஆய்வு, கண்டனக் கூட்டம் என்று ஓடுகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையா என்று ஒரு தோழர் கேட்டார். தேவைதான். நம் மக்களின் வரலாற்றை வன்கொடுமைகளின் வரிசையாக மட்டுமே எழுதிப் பழகிவிட்டோம். அவர்கள் எதை ருசித்துச் சாப்பிட்டார்கள், எந்தப் பாட்டுக்கு ஆடினார்கள் என்பதையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தபோது எங்களை யோசிக்க வைத்தது வேறொன்று. நாங்கள் தேடிப்போய் ரசித்த சிலவற்றை நமக்கு முந்தைய தலைமுறை வேண்டாம் என்று தூக்கிப் போட்டிருக்கிறது.

மாட்டுக்கறியிலிருந்து தொடங்குவோம். புளியந்தோப்பில் மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பீஃப் பிரியாணியும் பீஃப் சில்லியும் சாதாரணத் தெருச் சாப்பாடு. மாணவர், ஆட்டோ ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். விலையும் கைக்கு அடங்குகிறது. அதைத் தாண்டி விளக்கம் எதுவும் தேவையில்லாத ருசி.

ஆனால் 1927 மார்ச்சில் மகத் மாநாட்டில் அம்பேத்கர் நம் மக்களிடம் விடுத்த வேண்டுகோள்களில் ஒன்று, செத்த மாட்டின் கறியைத் தின்பதை நிறுத்துங்கள் என்பது. இதைப் பிடித்துக்கொண்டு அம்பேத்கரே மாட்டுக்கறிக்கு எதிரி என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் செத்த மாட்டை இழுத்துப்போட வேண்டிய கட்டாயமும், அந்தக் கறியைத் தவிர வேறு கறி கிடைக்காத நிலைமையும் சேர்ந்ததுதான் அவர் எதிர்த்தது. 1948-ல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' நூலில் அவர் வைக்கும் வாதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒருகாலத்தில் பிராமணர் உட்படப் பலரும் தின்ற உணவு அது. பசு புனிதமாக்கப்பட்டபோது, அதைத் தின்பதை நிறுத்தாத, பௌத்தத்தை விடாத மக்கள்மேல் தீண்டாமை வந்து விழுந்தது என்கிறார். கறியை வைத்து மனிதரைத் தரம் பிரித்ததை ஆராய்ந்தவர் அவர். இன்று கடையில் காசு கொடுத்து, இன்னொரு பிளேட் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதை மகத்தின் மறுப்போடு மோதவிடுவது அர்த்தமில்லாத வேலை.

விரும்பிச் சாப்பிடும் அந்த உரிமையும் எப்போதும் கேள்விக்குள்ளாகிறது. 2017 மே மாதம் ஒன்றிய அரசு, கால்நடைச் சந்தைகளில் மாடுகளை இறைச்சிக்காக விற்பதைத் தடுக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்தில் பங்கெடுத்த மாணவர் ஒருவர் கண்ணில் காயம்படும் அளவுக்குத் தாக்கப்பட்டார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இது டெல்லியின் வேலை என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றது. எதிர்ப்பு வந்தது, வாசலில் நாங்கள் இலவசமாகப் போடுகிறோம் என்று அமைப்புகள் அறிவித்தன. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். இதை ஏன் பாகுபாடாகக் கருதக்கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் உணவுத் திருவிழா. அங்கேயும் விமர்சனம் எழுந்த பிறகுதான் மாட்டிறைச்சிக் கடைக்கு இடம் கிடைத்தது. யாரோ ஒருவர் தயாரிக்கும் உணவுப் பட்டியலில் நம் சாப்பாடு எப்போதும் மறந்துபோய்விடுகிறது. ஞாபகப்படுத்துவதும் நம் வேலையாகிவிடுகிறது.

அத்தோவை வேகமாகச் சொல்லிவிடுகிறோம். நூடுல்ஸோடு கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், நொறுக்கிய பேஜோ, பக்கத்தில் வாழைத்தண்டு சூப். பிழைப்புக்காகப் பர்மா போய், 1960-களில் அங்கே கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது கையில் எதுவுமில்லாமல் திரும்பிவந்த தமிழர்கள் கொண்டுவந்த ருசி இது. கப்பலேறிப் போன கூலித் தொழிலாளர்களில் நம் மக்கள் ஏராளம். வியாசர்பாடிப் பக்கம் போனால் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம்.

கானா கேட்கப் போனது அதே வடசென்னைக்குத்தான். துறைமுகம், ரயில்வே, பின்னி மில், மாநகராட்சித் துப்புரவு என்று வேலைக்கு வந்தவர்களின் குடியிருப்புகளில் வளர்ந்த பாட்டு. 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தையும் அதையொட்டிய புளியந்தோப்புக் கலவரத்தையும் படித்தால், தொழிலாளர் ஒற்றுமை பேசப்பட்ட இடத்திலேயே ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் எப்படித் தனியே நிறுத்தப்பட்டார்கள், அவர்களின் குடிசைகள் எப்படி எரிந்தன என்று தெரியவரும். 1996-ல் மில்லை மூடிவிட்டார்கள். பாட்டு மூடப்படவில்லை. சாவு வீட்டில் இரவெல்லாம் உடம்புக்குக் காவலிருப்பவர்களுக்காக, செத்தவரின் பெயரையும் குணத்தையும் சேர்த்து அங்கேயே கட்டிப் பாடுவதுதான் அதன் பழைய வேலை. டோலக்கு, சட்டி, கையில் கிடைத்த தீப்பெட்டி என எல்லாமே தாளம்தான். சினிமா அதை எடுத்துக்கொண்டு காதல் தோல்விக்கும் கேலிக்கும் பயன்படுத்தியது. எங்களுக்கு அந்தப் பாட்டுகளும் பிடிக்கும்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் துக்க வீட்டில் கேட்கும் கானாவின் கனம் வேறு.

பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. கானா பாடகர்கள் கோட்டு சூட்டு போட்டு நின்றார்கள். குழுவின் பெயருக்குப் பின்னால் இருப்பவர் அயோத்திதாசர். சாதிபேதமற்றவர்கள் என்று நம்மைப் பதியச் சொன்னவர். 1907-ல் அவர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய ராயப்பேட்டை, இன்றைய மியூசிக் அகாடமிக்குக் கூப்பிடு தூரம். 2020-ல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' அந்த மாதத்தையே பங்கு கேட்டது. சாவுக்கும் ஒப்பாரிக்கும் உரியது என்று ஒதுக்கப்பட்ட இசைக்கு டிசம்பரில் அரங்கம் கிடைத்தது.

சபாவுக்கும் போனோம். கேன்டீன் டிபன் நன்றாகவே இருந்தது. ஆனால் கச்சேரி முழுக்க எங்கள் கண் மிருதங்கத்தின் மேலேயே இருந்தது. பலாமரக் கட்டை, அதன்மேல் பசு, எருமை, ஆட்டுத் தோல். அந்தத் தோலைப் பார்த்து வாங்கி, பதப்படுத்தி, வெட்டி, வார் இழுத்து, சுருதி சேரும்வரை உழைப்பவர்களில் தலித் கிறித்தவக் குடும்பங்கள் முக்கியமானவை. டி.எம். கிருஷ்ணா 2020-ல் அவர்களைப் பற்றி எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலின் வெளியீட்டுக்கு முதலில் இடம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா பிறகு மறுத்துவிட்டது. விழா ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது. மாட்டுத்தோல் மேடைக்கு வரலாம், மாட்டைப் பற்றிய பேச்சு மட்டும் வளாகத்துக்குள் வரக்கூடாது.

பட்டியலில் எங்களைத் திணறவைத்தது பறைதான். எங்களில் ஒருவரின் தாத்தா காட்டுமன்னார்கோயில் பக்கம். பேரன் பறை பழகப் போகிறான் என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. அந்த வட்டாரத்தில் இளையபெருமாள் நடத்திய போராட்டத்தை இளம் தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1952-ல் நாடாளுமன்றம் போனவர். 1969-ல் தீண்டாமை குறித்த அறிக்கையை அளித்த தேசியக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். அதற்கெல்லாம் அடிப்படையாக ஊர் ஊராகப் போய் அவர் சொன்னது, பறையடிக்காதே, செத்த மாட்டைத் தூக்காதே என்பதுதான். அந்தப் பேச்சைக் கேட்டுப் பறையை வீசியெறிந்த குடும்பங்கள் அடிவாங்கின, வயல் வேலையை இழந்தன. தாத்தாவுக்குப் பறை என்பது கலை கிடையாது. தன் அப்பா அதைக் கீழே வைத்த நாள் அவருக்குக் கௌரவம் கிடைத்த நாள்.

பறையைத் திரும்பக் கையிலெடுத்ததற்கும் வரலாறு உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழு 1990-களிலிருந்து தலித் பெண்களை மேடையில் பறையடிக்க வைத்தது. எந்த ஊர்ச் சடங்கும் பெண்ணைப் பறையடிக்கக் கூப்பிட்டதில்லை, அதனால் அந்த அடியைச் சாதித் தொழில் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு பறையையும் நாட்டார் மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பது என்ற எண்ணம் அவர் சிந்தனையின் நடுவில் இருந்தது. 2025-ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்களுக்குப் பெருமைதான். ஆனால் விருது வந்துவிட்டதால் ஊர்களில் பறைக்கான வற்புறுத்தல் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்ளக்கூடாது.

இதையெல்லாம் தாத்தாவிடம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு பேரனைப் பார்த்துச் சொன்னார்: "அடிக்கிறது நல்லாத்தான்டா இருக்கும். நாளைக்கு ஊர்ல எழவு விழுந்து ஆளனுப்பினா, வர முடியாதுன்னு சொல்லுவியா? சொல்ல முடியும்னா போய் அடி."

பயிற்சிக்குப் போனோம். முதல் நாள் உள்ளங்கை சிவந்து, தோள் வலித்து, மூன்றாம் நாள் அடி ஒன்றாகச் சேர்ந்தபோது வந்த சந்தோஷத்துக்கு ஈடு எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. இப்போது எங்கள் பகுதி மாலைநேர வகுப்பில் நாங்களே பறைப் பயிற்சி நடத்துகிறோம். பறையைக் காய்ச்சுவதற்கு முன்னால் இளையபெருமாள் பற்றி அரை மணி நேரம் பேசுகிறோம். சாவு வீட்டுக்குக் கூலிக்கு அடிக்கக் கூப்பிட்டால் என்ன சொல்வது, மிரட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எப்படிப் புகார் எழுதுவது என்பதும் அந்த அரை மணி நேரத்தில் சேர்த்தி.