நியூட்டனும் ரெண்டு பூனை ஓட்டையும்

பெரிய பூனைக்கு ஒரு பெரிய ஓட்டை, குட்டிக்கு ஒரு சின்ன ஓட்டைன்னு கதவுல போடச் சொன்னாராம் நியூட்டன். நானும் இந்தக் கதையைப் பல பேர்கிட்ட அடிச்சு விட்டிருக்கேன். மேதையும் அசடு வழியறார்னா நமக்கு ஒரு அல்ப சந்தோஷம் :-)

ஆனா அவர்கிட்ட உதவியாளரா இருந்த ஹம்ப்ரி நியூட்டன், அவர் அறையில் நாயும் கிடையாது பூனையும் கிடையாதுன்னு எழுதி வெச்சிருக்கார். தவிர, நியூட்டன் பிறந்தது 1642-ல். 14-ஆம் நூற்றாண்டுலயே சாஸர் எழுதின கதையில ஒரு வேலைக்காரன் பூனை ஓட்டை வழியா அறைக்குள்ள எட்டிப் பார்க்கிறான்!

இங்கிலாந்தின் எக்ஸிடர் பேராலயத்தில், பெரிய கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் கதவில் இன்னிக்கும் ஒரு வட்ட ஓட்டை இருக்கு. கடிகாரத்துக்குப் பூசின கொழுப்பைத் தேடி எலி வரும். எலியைப் பிடிக்கப் பூனை உள்ளே போகணுமே? 1598-ல் அதை அறுத்த தச்சர்களுக்குக் கூலி 8 பென்ஸ். அதுக்கும் முன்னாடி, 1305-லிருந்து 1467 வரை, எலி பிடிக்கிற பூனைக்கே காலாண்டுக்கு 13 பென்ஸ்னு கணக்குல எழுதியிருக்காங்க.

வேலை செஞ்சது தச்சர், பேர் வாங்கினது நியூட்டன். நம்ம ஊர்லயும் இதேதான் நடக்குது. இனிமே அந்தக் கதையை நான் சொல்றதா இல்லை. சொன்னா, தச்சரைப் பத்தித்தான்.