கேட்பவளின் கடன்

போக்சோ சட்டம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. குழந்தைகள் சந்திக்கும் வன்முறை பற்றிய ஓர் ஆய்வுக்காக, கேள்வித்தாள்களோடு ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்: "யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல மிஸ்?"

அவளுக்கு நான் சொன்ன பதிலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1890இல் கல்கத்தாவில் பூல்மணி தாசி என்ற சிறுமி, கணவன் வல்லுறவு கொண்டதில் இறந்தாள். பத்து வயதைத் தாண்டியிருந்ததால் சட்டம் அதை வல்லுறவாகக் கொள்ளவில்லை. மறு ஆண்டு இசைவு வயது 12 ஆக்கப்பட்டது. மதமா, அரசா என்று ஆண்கள் அனல்பறக்க வாதிட்டார்கள். சிறுமிகள் அந்த வாதத்தின் பொருளாக இருந்தார்கள், பேசுபவர்களாக இல்லை.

நூறாண்டுக்குப் பிறகுதான் குழந்தைகளிடமே கேட்கத் தொடங்கினோம். 2006இல் துளிர் அமைப்பு சென்னைப் பள்ளிக் குழந்தைகள் 2,211 பேரிடம் கேட்டது. 42 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்திருந்தனர். அதிலும் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளின் விகிதம் அதிகம். இது பெண் பிள்ளைகளின் துயரம் மட்டுமே என்று நம்பியிருந்த என்னைப் போன்ற பெண்ணியவாதிகளையும் குழந்தைகள் திருத்தினார்கள். 2007இல் மத்திய அரசின் ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. பாதிக்கு மேற்பட்டோர் 'ஆம்' என்றனர். அந்தப் பதில்கள் 2012இல் போக்சோ சட்டம் வர வலுச் சேர்த்தன.

அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவர் எவரும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. ஆய்வாளருக்கும் விலக்கு இல்லை. ஆனால் எங்கள் கேள்வித்தாளின் முதல் வரியோ, 'உன் பதில்கள் ரகசியமாக இருக்கும்' என்றது. அதற்கு முன்பே பெற்றோரின் கையெழுத்தும் வாங்கியிருந்தோம். துன்புறுத்துபவர் வீட்டிலேயே இருக்கக்கூடும் என்று தெரிந்தும்தான் வாங்கினோம்.

அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. "சில விஷயங்களைச் சொல்லித்தான் ஆகணும்மா" என்றேன். அவள் பேனாவைத் திறந்து, எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று குறித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கள் அறிக்கையில் அவள் பாதிக்கப்படாத குழந்தை.

அதன்பின் நான் பங்கேற்ற ஆய்வுகளில் முதல் வரியை மாற்றினோம். எதை ரகசியமாக வைப்போம், எதை வைக்க முடியாது, சொன்னால் அடுத்து என்ன நடக்கும், யார் கூட நிற்பார்கள் என்பதைக் குழந்தையிடம் முதலில் சொல்கிறோம். பிறகுதான் கேட்கிறோம். அப்படிச் சொல்வதால் 'ஆம்' குறைந்தால் குறையட்டும். ஒரு குழந்தையைப் பேச அழைப்பவர், அவள் பேசிய மறுநாளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். அந்தச் சிறுமிக்கு நான் இன்னும் பட்டிருக்கும் கடன் அது.