காஞ்சிபுரம் வட்டாரத்தில் நீர் இறைப்பு: ஆற்றலும் இழப்பும்

காஞ்சிபுரம் வட்டார நீர் இறைப்பு வரலாறு என்பது, பாலாறு, வேகவதி, செய்யாறு ஆகிய மூன்று ஆறுகளை ஒட்டிய ஊர்களில் நீரை வயலுக்குக் கொண்டுசேர்க்கக் கையாளப்பட்ட முறைகளின் வரலாறு ஆகும். இம்மூன்று ஆறுகளும் திருமுக்கூடலில் கலக்கின்றன. காஞ்சிபுரம் நகரம் பட்டு நெசவாலும் கோயில்களாலும் பெயர் பெற்றது. ஆனால் நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் நெல்லையும் ஏரியையும் நம்பி வாழ்ந்தவை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று அழைப்பதும் இதனால்தான்.

நீரை உயர்த்த ஆற்றல் வேண்டும். செலவிடும் ஆற்றல் முழுவதும் நீரைச் சென்று சேர்வதில்லை. ஒரு பகுதி வழியிலேயே இழக்கப்படுகிறது. மனிதன், மாடு, எண்ணெய், மின்சாரம் என்று ஆற்றலின் மூலம் காலந்தோறும் மாறியபோது, இழப்பு நேரும் இடமும் மாறியது.

அடிப்படைக் கணக்கு

1,000 லிட்டர் நீரை 1 மீட்டர் உயர்த்தக் குறைந்தது 9.81 கிலோ ஜூல் ஆற்றல் தேவை. எந்தக் கருவியாலும் இதைக் குறைக்க முடியாது. ஓர் ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்த ஏறத்தாழ 200 கன மீட்டர், அதாவது 2 இலட்சம் லிட்டர் நீர் வேண்டும். இந்நீர் 5 மீட்டர் ஆழத்திலிருந்து வர வேண்டுமானால் தேவைப்படும் ஆற்றல் சுமார் 9,810 கிலோ ஜூல். இன்றைய மின் கணக்கில் இது 2.7 யூனிட் ஆகும். இந்த 2.7 யூனிட்டை அளவுகோலாகக் கொண்டால் ஒவ்வொரு காலத்து முறையையும் ஒப்பிடலாம்.

ஏரிகள்: இறைக்காமல் பெற்ற நீர்

பல்லவர் காலத்தில் இவ்வட்டாரத்தில் பெரிய ஏரிகள் வெட்டப்பட்டன. மாமண்டூரில் உள்ள சித்திரமேக தடாகம் முதலாம் மகேந்திரவர்மன் பெயரோடு தொடர்புடையது. காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் ஊரில் கிடைத்த செப்பேடு முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. அங்கிருந்த பரமேசுவர தடாகத்துக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வழியாக நீர் வந்ததை அச்செப்பேடு தெரிவிக்கிறது. உத்திரமேரூரின் வைரமேக தடாகம் பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயரைத் தாங்கியது.

இந்த ஏரிகளுக்கு அன்றாட ஆற்றல் செலவு இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் தானே ஓடியது. கரை எழுப்பவும் கால்வாய் வெட்டவும் செலவான உழைப்பே முதலீடு. பாலாற்று மணலில் வெட்டப்பட்ட ஊற்றுக்கால்களும் இதே முறையில் நீர் தந்தன. ஆனால் இழப்பு இருந்தது. ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பில் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியானால் 50,000 லிட்டர் போய்விடும். வண்டல் படிந்து ஏரி மேடானால், அதே அளவு நீர் ஆழம் குறைந்து பரந்து நிற்கும்; ஆவியாகும் பங்கு கூடும். எனவே தூர் வாருவது கொள்ளளவைக் காப்பதுடன் ஆவி இழப்பையும் குறைத்தது.

இதனை ஊரார் அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழனின் 919, 921 ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாட்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். ஏரியைப் பேணுவதற்கென ஏரிப்பட்டி என்னும் நிலம் ஒதுக்கும் வழக்கமும் இருந்தது.

ஏரியிலிருந்து கசிந்த நீரை முழு இழப்பாகக் கருதக் கூடாது. அது நிலத்தடியில் இறங்கி, ஏரிக்குக் கீழுள்ள ஆயக்கட்டுக் கிணறுகளில் ஊறியது. ஏரியை மட்டும் தனியாகக் கணக்கிட்டால் கசிவு இழப்பு. ஏரியையும் கிணற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் அதுவே வரவு.

ஏற்றமும் கவலையும்

ஏரி நீர் எட்டாத இடத்திலும் கோடையிலும் கிணறே துணை. ஏற்றத்தில் நீண்ட மரத்தின் மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். இறைத்த சால்களை எண்ண ஏற்றப்பாட்டு உதவியது. பாட்டு களைப்பை மறக்கச் செய்ததோடு, எவ்வளவு நீர் பாய்ந்தது என்பதற்கு அளவாகவும் இருந்தது.

உடலுழைப்பில் பழகிய ஒருவர் நாள் முழுவதும் தொடர்ந்து தரக்கூடிய திறன் சுமார் 75 வாட். 8 மணி நேரத்தில் அது 0.6 யூனிட். மேற்சொன்ன 2.7 யூனிட்டைப் பெற, எந்த இழப்பும் இல்லாவிட்டாலும் நாலரை ஆள் நாள் வேண்டும். சால் சிந்துவதிலும் மரம் ஏறி இறங்குவதிலும் பாதி இழக்கப்படுவதாகக் கொண்டால் 9 ஆள் நாள். ஒரு தடவை ஓர் ஏக்கருக்கு நீர் பாய்ச்ச இத்தனை உழைப்பு என்றால், அக்காலத்தில் யாரும் தேவைக்கு மேல் இறைக்காததன் காரணம் விளங்கும்.

கவலையில் மாடுகள் சரிவான பாதையில் இறங்கித் தோல் சாலை மேலே இழுத்தன. சாலின் அடியிலிருந்த தோல் வால் வழியாக நீர் தானே தொட்டியில் கொட்டியது. ஒரு சோடி மாட்டின் திறன் ஒரு குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு. ஆயினும் மாடுகள் பின்னோக்கி மேடேறும் நேரத்தில் நீர் வராது. உருளையின் உராய்வு, தோலின் ஒழுகல் ஆகியவையும் சேரும். இங்கே பெரிய இழப்பு நேர இழப்புதான்.

எண்ணெய் எஞ்சின்

ஆல்பிரட் சாட்டர்டன் 1888 இல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். பின்னர் சென்னை மாகாணத் தொழில் துறையை வழிநடத்தியவர். ஏற்றம், கவலை ஆகியவற்றின் இறைப்புத் திறனை அளந்து, எஞ்சின் இறைப்போடு ஒப்பிட்டுக் காட்டினார். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எண்ணெய் எஞ்சினையும் மையவிலக்குப் பம்பையும் இணைத்துச் செய்த சோதனைகளில் ஒன்று செங்கல்பட்டு மாவட்டத்தின் மெல்ரோசாபுரத்தில் நடைபெற்றது.

எஞ்சின் வந்ததும் வெப்ப இழப்பு என்னும் புது வகை சேர்ந்தது. அக்காலத்துச் சிறு எஞ்சின்களில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் பெரும்பகுதி புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் வெளியேறியது. ஐந்தில் ஒரு பங்கு சுழற்சியாகக் கிடைத்தாலே நல்ல எஞ்சின் எனலாம். மனித உடலும் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ இதே பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. எஞ்சினின் மேன்மை சிக்கனத்தில் இல்லை. களைப்பின்றி ஓடுவதில் இருந்தது.

மையவிலக்குப் பம்புக்கு ஓர் எல்லையும் உண்டு. வளிமண்டல அழுத்தம் நீரை அதிகமாக 10.3 மீட்டர் வரையே குழாயில் மேலேற்றும். நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் உறிஞ்சுவது கடினம். எனவே நீர்மட்டம் தாழ்ந்தபோது பம்பைக் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்க வேண்டியிருந்தது.

மின்சாரமும் குழாயும்

தமிழகத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932 இலும், மேட்டூர் நீர்மின் நிலையம் 1937 இலும் இயங்கத் தொடங்கின. 1957 இல் மாநில மின்சார வாரியம் அமைந்தபின் ஊர்களுக்கு மின் இணைப்பு விரைவாகப் பரவியது. ஏற்றமும் கவலையும் ஓரிரு தலைமுறைக்குள் மறைந்தன.

மின் இறைப்பில் இழப்புகள் சங்கிலியாகத் தொடர்பவை. அவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். மோட்டார் 75 விழுக்காடு, பம்பு 60 விழுக்காடு, குழாய் அமைப்பு 70 விழுக்காடு திறன் உடையவை என்று வைத்துக்கொண்டால், மொத்தத் திறன் 0.75 × 0.60 × 0.70 = 0.315, அதாவது சுமார் 32 விழுக்காடு. ஒவ்வொன்றும் தனித்தனியே ஓரளவு நன்றாகத் தோன்றினாலும், மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. இந்தியாவில் வயல்களில் உள்ள பழைய பம்பு செட்டுகளின் திறன் 20 முதல் 30 விழுக்காடு வரையே இருப்பதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது.

குழாய் இழப்பைக் கணக்கிட உதவும் வாய்ப்பாடு 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் செர்மானியரான வெய்சுபாக், பிரெஞ்சுக்காரரான டார்சி ஆகியோரின் ஆய்வுகளால் உருவானது. அதன்படி ஒரே அளவு நீர் ஓடும்போது, உராய்வு இழப்பு குழாய் விட்டத்தின் ஐந்தாம் படிக்கு எதிர் விகிதத்தில் அமையும். 3 அங்குலக் குழாய்க்குப் பதிலாக இரண்டரை அங்குலக் குழாய் பொருத்தினால் இழப்பு சுமார் இரண்டரை மடங்காகும். குறுகலான ஃபுட் வால்வும் தேவையற்ற வளைவுகளும் இதைக் கூட்டும். குழாய் வாங்கும்போது மிச்சமாகும் பணத்தை மின்சாரமாகப் பின்னர் செலுத்த நேர்கிறது.

கணக்கில் வராத இழப்பு

தமிழ்நாட்டில் சிறு உழவர்களுக்கு 1984 இலும், உழவர் அனைவருக்கும் 1990 இலும் இறைப்பு மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. கடன்பட்ட உழவர்களுக்கு இது பெரும் ஆறுதல். அதே வேளையில், இழப்பைக் காட்டும் மின் கட்டணச் சீட்டு உழவர் கைக்கு வராமல் போனது. ஏற்றத்தில் களைப்பும், எஞ்சினில் எண்ணெய்ச் செலவும் இழப்பை உணர்த்தின. இலவச மின்சாரத்தில் அவ்வாறு உணர்த்துவது எதுவும் இல்லை. 2001 ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்படி ஆற்றல் திறன் பணியகம் 2002 இல் அமைக்கப்பட்டது. பின்னர் பம்பு செட்டுகளுக்கும் நட்சத்திரக் குறியீடு வந்தது.

எனினும் நல்ல பம்பு மட்டும் போதாது என்பதை முன்சொன்ன அளவுகோலே காட்டும். ஓர் ஏக்கருக்கான அதே 200 கன மீட்டர் நீருக்கு:

5 மீட்டர் ஆழம், 25 விழுக்காடு திறனுள்ள பழைய பம்பு: சுமார் 11 யூனிட்.
25 மீட்டர் ஆழம், 50 விழுக்காடு திறனுள்ள நல்ல பம்பு: சுமார் 27 யூனிட்.

திறன் இரு மடங்கானாலும், ஆழம் ஐந்து மடங்கானால் செலவு இரண்டரை மடங்காகிறது. நிலத்தடி நீர் தாழ்வதே மிகப் பெரிய ஆற்றல் இழப்பு. கிணறு வற்றி ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் வாங்க இயலாத சிறு உழவரே இதனால் முதலில் பாதிக்கப்படுகிறார்.

ஏரிக்குத் திரும்புதல்

ஆங்கிலேயர் ஆட்சியில், ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து வழக்கம் தளர்ந்தது. அதைக் கட்டாயமாக்க 1858 இல் சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 2017 இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஏரிச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

ஏரி தூர் வாரப்படும்போது ஆயக்கட்டுக் கிணறுகளின் நீர்மட்டம் உயரும். அது ஒரு மீட்டர் உயர்ந்தாலும், அந்த ஆயக்கட்டில் ஓடும் மோட்டார் ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் அளவுக்கு ஆற்றல் மிச்சமாகும். இந்த மிச்சம் ஏரிப் பணியின் செலவுக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. மின்சாரத்தின் வரவுக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. ஏரி, கிணறு, மோட்டார் மூன்றையும் ஒரே அமைப்பாகக் கொண்டு கணக்கிடும்போதுதான் ஏரிப் பராமரிப்பின் உண்மையான மதிப்பு தெரியவரும்.