நன்னடத்தைக் கண்காணிப்பு

குற்றவாளி எனத் தீர்ப்பான ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், நிபந்தனைகளுடன் சொந்த ஊரிலேயே வாழவிட்டு, நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வைக்கும் முறை. நிபந்தனையை மீறினால் நீதிமன்றம் அவரைத் திரும்ப அழைத்துத் தண்டிக்கலாம்.

தோற்றம்: நல்லபடி நடப்பதாகப் பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு தண்டனையைத் தள்ளிவைக்கும் வழக்கம் இங்கிலாந்துப் பொதுச்சட்டத்தில் பழமையானது. பாஸ்டன் நீதிபதி பீட்டர் ஆக்சன்பிரிட்ஜ் தாச்சர் 1830இல் ஒரு பெண்ணை இவ்வழியில் விடுவித்தார். பர்மிங்காமில் மேத்யூ டேவன்போர்ட் ஹில், இளங்குற்றவாளிகளை நம்பத்தக்க பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்தார். முறையின் தொடக்கம் யாருடையது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பாலான நூல்கள் ஜான் அகஸ்டஸையே சுட்டுகின்றன.

ஜான் அகஸ்டஸ் (1785–1859): பாஸ்டனில் பூட்ஸ் தைத்து விற்றவர், மதுவிலக்குச் சங்க உறுப்பினர். 1841 ஆகஸ்டில் காவல் நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தபோது, கந்தல் உடையில் குடிகாரர் ஒருவர் கொண்டுவரப்பட்டார். அவரிடம் பேசிப் பார்த்த அகஸ்டஸ், இனிக் குடிப்பதில்லை என்று உறுதி வாங்கிக்கொண்டு பிணை நின்றார். மூன்று வாரம் கழித்து அதே மனிதர் வந்து நின்றபோது, முன்பு கண்டவர்களால் நம்ப முடியாத அளவு மாறியிருந்தார். நீதிபதி விதித்த அபராதம் 1 சென்ட்; வழக்குச் செலவும் சேர்த்து 3 டாலர் 76 சென்ட் கட்டப்பட்டது.

அடுத்த 18 ஆண்டுகளில் அகஸ்டஸ் ஏறத்தாழ 1,950 பேருக்குப் பிணை நின்றதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களில் பெண்களும் சிறுவர் சிறுமியரும் உண்டு. பலருக்கு வேலை தேடித் தந்தார். தங்க இடமில்லாதவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். யாருக்குப் பிணை நிற்கலாம் என்பதை விசாரித்தே முடிவு செய்தார். ஒருவருடைய முந்தைய நடத்தை, வயது, இனி அவர் வாழப்போகும் சூழல் ஆகியவற்றைப் பார்த்தார். இன்றைய நன்னடத்தை அலுவலர் அறிக்கையின் முன்வடிவம் இதுவே. சிறைக்கு அனுப்பப்படுவோர் கணக்கில் கட்டணம் பெற்றுவந்த நீதிமன்ற ஊழியர்களிடமிருந்து எதிர்ப்பும் வந்தது. முதல் 1,100 பேரில் ஒருவர் மட்டுமே பிணையை மீறினார் என்பது அவர் தரும் கணக்கு. சம்பளம் ஏதும் பெறாத அவர், கையில் காசில்லாமல் இறந்தார்.

சட்ட வடிவம்: மாசசூசெட்ஸ் 1878இல் பாஸ்டனுக்குச் சம்பளத்துடன் அலுவலரை நியமிக்கச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்து 1907இல் முழுமையான சட்டம் கண்டது. அறிவுரை கூறுதல், உதவுதல், நட்புப் பாராட்டுதல் ஆகிய மூன்றையும் அச்சட்டம் அலுவலரின் கடமையாக்கியது. நட்பைக் கடமையாக எழுதிவைத்த சட்டங்கள் அரிது.

இந்தியா: 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 562ஆம் பிரிவு, முதன்முறை குற்றம் செய்தோருக்கு இவ்வாய்ப்பைத் தந்தது. சென்னை மாகாணம் 1936ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தனி ஏற்பாடு செய்தது. மத்தியச் சட்டம் 1958இல் வந்தது. 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பும் நீதிமன்றம் அதற்கான காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் இதில் அடங்கா.

அண்மைக்காலம்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டம், சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாகச் சேர்த்துள்ளது. பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை தருவது அவற்றுள் ஒன்று. 1841இல் அகஸ்டஸ் முதன்முதலாகப் பிணை நின்ற மனிதர் மீதிருந்த குற்றச்சாட்டும் குடியே.